ஜெபம் வராத ஆயர்

சென்ற மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை காலை, கண் மருத்துவமனையில் சொட்டு மருந்து விட்டுக்கொண்டு கண்களை மூடி வரிசையாக உட்கார்ந்திருந்தவர்களில் நானும் ஒருவன். அரை மணி நேரம் திறக்கக் கூடாது என்று சொல்லியிருந்தார்கள். சட்டைப்பையில் போன் அடித்தது. யார் என்று பார்க்க முடியாமல் தடவி எடுத்துக் காதில் வைத்தேன்.

"சார், சாந்தி பேசுறேன். அவரு போயிட்டாரு சார்."

"எப்பம்மா?"

"ஏழரை மணிக்கு. ஆஸ்பத்திரியிலதான். நான் பக்கத்துலதான் இருந்தேன். நீங்க பதறிக்கிட்டு வர வேண்டாம். வேலைய முடிச்சுட்டு மெதுவா வாங்க."

சாந்தி எங்கள் பழைய ஆயரின் மனைவி, நர்சாக வேலை பார்ப்பவர். மரணச் செய்தியை எப்படிச் சொல்ல வேண்டும் என்று அவருக்குத் தெரியும். போனை மடியில் வைத்துக்கொண்டு மிச்ச நேரமும் கண்ணை மூடியே உட்கார்ந்திருந்தேன். கன்னத்தில் வழிந்தது மருந்துதான். எனக்கு எழுபத்திரண்டு வயது. இந்த வயதில் இப்படியான செய்திகள் அடுக்கடுக்காக வருகின்றன. அழுவதற்குக் கூட உடம்பில் கொஞ்சம் தெம்பு வேண்டியிருக்கிறது.

சாமுவேல் துரைப்பாண்டி ஐயாவை, இதைப் படிக்கும் சபையாரே, உங்களில் பலருக்குத் தெரியும். திண்டுக்கல்லில் நம் சபையில் ஆறு ஆண்டுகள் ஆயராக இருந்தார். உங்களில் சிலருக்குத் திருமணம் நடத்தி வைத்தார். சிலருடைய பிள்ளைகளுக்கு ஞானஸ்நானம் கொடுத்தார். ஆனால் அவர் பேரைச் சொன்னால் உங்களில் பெரும்பாலோருக்கு ஒரே ஒரு ஞாயிற்றுக்கிழமைதான் நினைவுக்கு வரும். அந்த ஞாயிறைப் பற்றியும் அதற்குப் பின் நடந்தவற்றைப் பற்றியும் யாராவது எழுத வேண்டும் என்றால் அது நான்தான். அவரை வெளியே அனுப்பச் சொல்லி மேலிடத்துக்குப் போன கடிதத்தை எழுதியவன் நான். அப்போது சபையின் செயலராக இருந்தேன். பள்ளியில் கணக்கு வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவன். ஞானமுத்து என்று பெயர்.

அந்த ஞாயிறுக்கு முன்னால் ஒரு கோடைகாலத்தைச் சொல்ல வேண்டும். பெருந்தொற்று இரண்டாம் முறை வந்து ஊரை அடித்துப்போட்ட கோடை அது. கல்லறைத் தோட்டத்துக்குக் குடும்பத்தார் யாரும் வரக் கூடாது. நகராட்சி ஆட்கள் இரண்டு பேர், பிளாஸ்டிக் உடை போட்ட ஐயா, வாசலுக்கு வெளியே வேப்பமர நிழலில் பதிவேட்டை வைத்துக்கொண்டு நான். அவ்வளவுதான் ஒரு அடக்கம். ஒரு நாள் மதியத்துக்குள் மூன்று பேரை அடக்கம் செய்தோம். மூன்றாவது குழியின் ஓரத்தில் நின்ற ஐயா ஜெபத்தைத் தொடங்கிவிட்டு நிறுத்தினார். என் பக்கம் திரும்பினார். முகக் கவசத்துக்குள்ளிருந்து குரல் சரியாக வரவில்லை. கையை ஆட்டிக் கேட்டார். என்ன கேட்கிறார் என்று புரியவே எனக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. இறந்தவரின் பெயரைக் கேட்கிறார். நம் சபையில் முப்பது வருடம் பாடகர் குழுவில் இருந்த மனிதர் அவர். நான் பெயரை உரக்கக் கத்தினேன். ஐயா தலையை ஆட்டிவிட்டுத் தொடர்ந்தார்.

வெளியே வந்து உடையைக் கழற்றியபோது சட்டை உடம்போடு ஒட்டியிருந்தது. "பேரை மறந்துட்டேன் சார்" என்றார். "வாரா வாரம் அவரு கையப் பிடிச்சுக் குலுக்குன ஆளு நான்."

"அலுப்பு ஐயா. காலைல இருந்து நிக்கிறீங்க" என்றேன்.

"இருக்கும்" என்றார். நான் பதிவேட்டில் மூன்று பெயர்களையும் எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனேன்.

அதற்கு இரண்டு ஆண்டுகள் கழித்து அந்த ஞாயிறு வந்தது. கூட்டம் நிறைந்திருந்தது. பாட்டு முடிந்து எல்லாரும் உட்கார்ந்தோம். ஐயா பிரசங்க பீடத்தில் ஏறினார். கையில் குறிப்புத் தாள் இல்லை. இரண்டு கைகளையும் பலகையில் ஊன்றிக்கொண்டு நின்றார். என்ன சொன்னார் என்பதை நான் அன்றே எழுதி வைத்தேன், புகாரில் சேர்ப்பதற்காக. அதனால் வார்த்தை பிசகாமல் சொல்ல முடியும்.

"ரெண்டு வருஷமா எனக்கு ஜெபம் வரல. முழங்கால் போடுறேன். வாய் திறக்குது. உள்ள யாரும் இல்லாத வீட்டுக் கதவைத் தட்டுற மாதிரி இருக்கு. ஆனா ஞாயித்துக்கிழமை ஆனா இங்க வந்து நின்னு உங்களுக்குக் கிருபையைப் பத்திச் சொல்றேன். நீங்களும் தலையாட்டுறீங்க. இனிமே இப்படிச் செய்ய எனக்கு மனசு வரல. செத்த நேரம் எல்லாரும் சும்மா இருப்போம்."

பிறகு இறங்கி வந்து முன்வரிசையில் உட்கார்ந்துகொண்டார். மின்விசிறிச் சத்தம் மட்டும் கேட்டது. ஒரு குழந்தை அழுதது, தாய் அதைத் தூக்கிக்கொண்டு வெளியே போனாள். ஐந்து நிமிடம் இருக்கும். நான்தான் எழுந்து ஒரு பாட்டைத் தொடங்கி ஆராதனையை எப்படியோ முடித்து வைத்தேன். எல்லாரும் என்னைப் பாராட்டினார்கள். சமயோசிதம் என்றார்கள்.

அன்று மாலையே கமிட்டி கூடியது. நம் பொருளாளர் ஐசக்தான் முதலில் பேசினார். "நோயாளி வைத்தியம் பாக்கலாமா சார்? அவருக்கே இல்லாதத அவரு எப்படி நமக்குக் கொடுப்பாரு?" என்றார். அவருக்கு ஓய்வு கொடுத்துச் சில மாதம் பார்க்கலாம் என்று ஒருவர் மெல்லச் சொன்னார். யாரும் அதைப் பிடித்துக்கொள்ளவில்லை. கடிதம் எழுதும் பொறுப்பு எனக்கு வந்தது.

நான் நன்றாக எழுதுவேன் என்ற எண்ணம் எனக்கு உண்டு. ஆயர் இல்லாத ஞாயிறுகளில் நானே பிரசங்கம் செய்வதும் உண்டு. எனக்குப் பிடித்த தலைப்பு ஒன்றுதான். மனிதன் மீட்கப்படுவது தன் நற்கிரியைகளால் அல்ல, தேவ கிருபையால். அந்தக் கிருபையை வாங்கிக்கொள்ளும் கைதான் விசுவாசம். நற்கிரியைகள் அதற்குப் பின்னால் வருபவை. இதை நான் கரும்பலகையில் தேற்றம் நிறுவுவது போல ஒவ்வொரு படியாகச் சொல்வேன். கடிதத்திலும் அதையே செய்தேன். வியாதியஸ்தரைப் பார்க்கப் போவது, ஏழைகளை விசாரிப்பது எல்லாம் இவர் குறைவில்லாமல் செய்கிறார் என்பதை ஒப்புக்கொள்கிறோம், ஆனால் விசுவாசம் இல்லாத இடத்தில் அவை வெறும் பழக்கம், பெற்றுக்கொள்ளும் கையே இல்லாதவர் எங்களுக்கு எதைப் பங்கிட்டுத் தருவார் என்று எழுதினேன். எழுதி முடித்து இரண்டு முறை படித்துப் பார்த்தேன். ஓட்டை எதுவும் இல்லை. பதினொரு பேர் கையெழுத்துப் போட்டோம்.

கடிதத்தின் நகல் அவருக்கும் போயிற்று. விசாரணைக்குக் காத்திருக்காமல் அவரே விலகல் கடிதம் கொடுத்துவிட்டார். ஆயர் இல்லத்தைக் காலி செய்த அன்று சாவியைக் கொடுக்க என் வீட்டுக்கு வந்தார். அவரை உள்ளே கூப்பிட வேண்டும் என்று எனக்குத் தோன்றியது. ஆனால் வாசலிலேயே நின்றேன்.

"படிச்சேன் சார். நல்லா எழுதியிருக்கீங்க" என்றார். "ஒரு வார்த்தை கூட தப்பா இல்ல."

குத்தலாகச் சொல்கிறாரோ என்று முகத்தைப் பார்த்தேன். இல்லை. மாணவனின் விடைத்தாளைத் திருத்தி முடித்த ஆசிரியனின் முகம் போலக் களைத்திருந்தது. சாவியை என் கையில் வைத்துவிட்டுப் போனார். என் மனைவி எஸ்தர் அன்று முழுவதும் என்னோடு பேசவில்லை.

ஐயாவும் சாந்தியும் பேகம்பூரில் ஒரு தோல் வியாபாரியின் வீட்டு மாடியில் குடிபோனார்கள் என்று கேள்விப்பட்டோம். வீட்டுக்காரர் காதர் பாய். அவருடைய தாயார் விழுந்து இடுப்பு ஒடிந்து படுக்கையில் இருந்தார். சாந்தி ஆஸ்பத்திரி வேலைக்குப் போகும் முன் கீழே இறங்கி அந்த அம்மாவுக்குப் புண் துடைத்துக் கட்டுவார். ஒருவரால் தனியாகப் புரட்ட முடியாது என்பதால் ஐயாவும் கூடப் போனார். இப்படித்தான் தொடங்கியது. சாந்தியிடம் கற்றுக்கொண்டார். பிறகு சாந்திக்கு வேலை நேரம் மாறியபோது அவரே தனியாகச் செய்தார். அந்தத் தெருவில் இன்னொரு வீடு, பிறகு ரெட்டியார்சத்திரம் பக்கம் இரண்டு வீடு, சின்னாளபட்டியில் ஒரு வீடு என்று படுக்கையில் கிடப்பவர்கள் அவருக்குச் சேர்ந்துகொண்டே போனார்கள். ஒரு தோல்பையில் பஞ்சு, மருந்து, கையுறை, பவுடர். காலையில் பஸ் ஏறினால் மாலை ஆகிவிடும். ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்கு வருவார். கடைசி பெஞ்சில் தூணுக்குப் பின்னால் உட்காருவார். அப்பமும் ரசமும் பகிரும் திருவிருந்துக்கு முன்னால் எழுந்து போய்விடுவார். நாங்கள் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை.

எஸ்தருக்கு முதுகுத் தண்டில் கட்டி வந்தது அதற்கு அடுத்த வருடம். மதுரையில் அறுவை செய்து கூட்டி வந்தபோது இடுப்புக்குக் கீழே உணர்ச்சி இல்லை. பெண் வெளிநாட்டில். நானும், காலையில் வந்து சமைத்துவிட்டுப் போகும் ஒரு அம்மாவும்தான். இரண்டு வாரத்தில் எஸ்தருக்கு முதுகில் புண் வந்துவிட்டது. எனக்கு அவளைப் புரட்டத் தெரியவில்லை. பயம். சபையார் வந்தார்கள். பழம் வாங்கி வந்தார்கள். கட்டிலைச் சுற்றி நின்று நீளமாக ஜெபித்தார்கள். எல்லாரும் நல்லவர்கள், குறை சொல்லவில்லை. அவர்கள் போன பிறகு அந்த அறையில் நாற்றம் அப்படியே இருந்தது.

ஒரு புதன்கிழமை காலை வாசலில் நின்றார் துரைப்பாண்டி ஐயா. தோளில் அந்தப் பை.

"சாந்தி சொன்னா. அம்மாவைப் பாக்கலாமா சார்?"

நான் வழிவிட்டேன். அவர் கையைக் கழுவிக்கொண்டு கட்டிலுக்குப் பக்கத்தில் போய், "எஸ்தரம்மா, நான் துரைப்பாண்டி. இப்ப ஒங்கள எடதுபக்கமாத் திருப்பப் போறேன். மொதல்ல தோளு, பெறகு இடுப்பு. வலிச்சா சொல்லுங்க" என்றார். ஒவ்வொன்றையும் செய்யும் முன் சொன்னார். புண்ணைப் பார்த்தபோது முகம் சுளிக்கவில்லை. துடைத்து, மருந்து வைத்து, விரிப்பை மாற்றி, தலையணையை முழங்காலுக்கு நடுவில் கொடுத்து முடிக்க ஒரு மணி நேரம் ஆயிற்று. ஜெபம் பண்ணவில்லை. காப்பி வேண்டாம் என்றார். வெள்ளிக்கிழமை வருவதாகச் சொல்லிவிட்டுப் போனார்.

அவர் போன பிறகு எஸ்தர் சொன்னாள். "அவரு கைக்குப் பயமில்ல. ஒங்க கைக்குத்தான் பயம்."

பதினான்கு மாதம் வந்தார். வாரத்துக்கு மூன்று நாள். பஸ் வேலைநிறுத்தத்தன்று கூட பேகம்பூரிலிருந்து நடந்தே வந்தார். எனக்கும் புரட்டக் கற்றுக்கொடுத்தார், கணக்குப் பாடம் மாதிரி, பொறுமையாக. மூன்று மாதம் வரை நான் அந்தக் கடிதத்தைப் பற்றி வாயைத் திறக்கவில்லை. ஒரு நாள் அடக்க முடியாமல் கேட்டேன். எஸ்தர் தூங்கிக்கொண்டிருந்தாள். அவர் கையுறையைக் கழற்றிக்கொண்டிருந்தார்.

"ஐயா, நான் ஒங்களுக்குச் செஞ்சதுக்கு நீங்க இந்த வீட்டு வாசப்படி ஏறியிருக்கக் கூடாது."

"நான் ஒங்களுக்காக வரல சார்."

"கடவுளுக்காகன்னு வச்சுக்கிறேன்."

"அப்படியும் இல்ல" என்றார். "அம்மாவுக்கு முதுகு புண்ணாயிருந்துச்சு. அதுக்காக வந்தேன். அம்புட்டுத்தான்."

அவர் என் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். அவர் நீளமாகப் பேசிக் கேட்டது அந்த ஒரு முறைதான்.

"ஒங்க கடிதத்தப் பல தடவ படிச்சேன் சார். கோவத்துல இல்ல. அதுல சரியாத்தான் சொல்லியிருந்தீங்க, கிரியையால யாரும் தேற முடியாது, எல்லாம் கிருபைதான்னு. ஆனா விசுவாசத்தையே நாம ஒரு கிரியையா ஆக்கிட்டோமோன்னு எனக்குத் தோணுச்சு. அதை ஒழுங்காச் செஞ்சு காட்டுனாத்தான் கிருபை கெடைக்கும்னு. என்னால அதச் செய்ய முடியல. ரெண்டு வருஷம் முக்கி முக்கிப் பாத்தேன். வரல. அப்ப எனக்குக் கெடையாதா?"

என் தேற்றத்தில் அப்படி ஒரு படி இருப்பதை நான் பார்த்ததே இல்லை.

"இப்ப எப்படி இருக்கு ஐயா? விசுவாசம் திரும்பி வந்துச்சா?" என்று கேட்டேன். கேட்ட விதம் எனக்கே பிடிக்கவில்லை. காணாமல்போன மாட்டைப் பற்றி விசாரிப்பது போல இருந்தது.

"தெரியல சார். தேடுறத விட்டுட்டேன். காலைல எந்திரிச்சா நாலு வீடு இருக்கு. முடிச்சுட்டு வந்தா அலுப்பா இருக்கு. நடுவுல அதப் பாக்க நேரமில்ல" என்றார். லேசாகச் சிரித்தார். பிறகு எழுந்து பையை மாட்டிக்கொண்டார்.

எஸ்தர் ஒரு மார்கழி மாதக் காலையில் இறந்தாள். கடைசியில் அவள் முதுகில் புண் இல்லை. இது நான் சொல்லிக்கொள்ளும் ஒரே பெருமை. அதிலும் என் பங்கு கொஞ்சம்தான்.

துரைப்பாண்டி ஐயாவுக்குச் சர்க்கரை இருந்தது. எத்தனையோ பேர் காலை விரல் விரலாகப் பார்த்தவர் தன் உடம்பைக் கவனிக்கவில்லை. சிறுநீரகம் இரண்டும் கெட்டுப்போனது தெரிந்தபோது பெரிய ஆஸ்பத்திரியில் வாரத்துக்கு இரண்டு முறை டயாலிசிஸ் என்றார்கள். சாந்திக்கு வேலை இருக்கும் நாட்களில் நான் கூடப் போனேன். நான்கு மணி நேரம் இயந்திரத்தோடு கட்டிப்போட்டது போலப் படுத்திருக்க வேண்டும். ஐயாவுக்கு அது பெரும் வேதனையாக இருந்தது. வலியைச் சொல்லவில்லை, சும்மா கிடப்பதைச் சொல்கிறேன். நர்ஸ் தலையணையைச் சரிசெய்ய வந்தால் தானே செய்துகொள்கிறேன் என்பார். தண்ணீர் கேட்க மாட்டார். உதடு காய்ந்து கிடப்பதைப் பார்த்து நாமாகக் கொடுக்க வேண்டும்.

"செய்யிறது சுலபம் சார். கெடக்குறதுதான் கஷ்டம்" என்றார் ஒரு நாள். "நான் போன வீட்டுல எல்லாம் அவங்க எப்படித்தான் கெடந்தாங்களோ. நான் யோசிக்கவே இல்ல."

இன்னொரு நாள் போர்வை விலகி அவர் கால் தெரிந்தது. நகங்கள் வளர்ந்து வளைந்திருந்தன. குனிய முடியாமல் வெட்டாமல் விட்டிருந்தார். மறுமுறை போகும்போது வீட்டிலிருந்து நகவெட்டி கொண்டுபோனேன். சர்க்கரைக்காரர் காலில் சிறு காயம் கூட படக் கூடாது, குறுக்காக நேராக வெட்ட வேண்டும் என்று எனக்குச் சொல்லித் தந்தவர் அவர்தான். கட்டிலின் கால்மாட்டில் உட்கார்ந்து அவர் பாதத்தைத் தொட்டேன். சட்டென்று இழுத்துக்கொண்டார்.

"வேண்டாம் சார். விடுங்க."

"ஐயா, மொதல்ல வலது காலு. பெறகு இடது காலு. வலிச்சா சொல்லுங்க" என்றேன்.

என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு காலை நீட்டினார். நான் ஒவ்வொரு விரலாக வெட்டினேன். கண் சரியாகத் தெரியாததால் நேரம் பிடித்தது. பக்கத்துக் கட்டில்காரர் திரும்பிப் பார்த்தார். ஐயா கூரையைப் பார்த்தபடி படுத்திருந்தார். இடது கால் சுண்டுவிரலுக்கு வந்தபோது பேசினார்.

"எத்தன பேரு காலப் பிடிச்சிருப்பேன். எங்காலை ஒருத்தர் பிடிச்சா ஒடம்பெல்லாம் கூசுது."

"முடிஞ்சுருச்சு ஐயா. செத்தப் பொறுங்க."

"இல்ல, மெதுவாவே வெட்டுங்க" என்றார். பிறகு, தனக்குள் சொல்லிக்கொள்வது போல, "இதுதான் போல சார், கிருபைங்கிறது. திருப்பிச் செய்ய வழியில்ல. வாங்கிக்கிட்டுக் கூசிப்போயி கெடக்க வேண்டியதுதான்" என்றார்.

முப்பது வருடம் பிரசங்கம் செய்த தலைப்பு எனக்கு அன்றுதான் கொஞ்சம் விளங்கியது. அதைச் சொன்னவர் தனக்கு விசுவாசம் இருக்கிறதா என்று தெரியாதவர். அன்று அந்தக் காலைப் பிடித்துக்கொண்டிருந்தவன், அவருக்கு அது இல்லை என்று எழுதிக்கொடுத்தவன்.

அவர் இறந்த அன்று மதியம் கமிட்டி கூடியது. நான் இப்போது செயலர் இல்லை. ஆனாலும் போனேன். கேள்வி என்னவென்று உங்களுக்குத் தெரியும். விசுவாசம் இல்லை என்று பீடத்தில் நின்று சொன்னவரை, அதற்குப் பிறகு ஒரு முறை கூட திருவிருந்து எடுக்காதவரை, சபையின் கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் செய்யலாமா என்பது. ஐசக் பழைய கடிதங்கள் இருந்த கோப்பைக் கொண்டுவந்திருந்தார். அவரும் கெட்ட மனிதர் அல்ல. ஒழுங்கு என்று ஒன்று வேண்டும் என்று நினைப்பவர். கோப்பைத் திறந்து என் கடிதத்தை வாசித்தார். கேட்டுக்கொண்டிருந்தேன். இப்போதும் அதில் ஓட்டை எதுவும் இல்லை.

நம் இப்போதைய ஆயர் வயதில் சின்னவர். துரைப்பாண்டி ஐயாவோடு பழகியதில்லை. என்னைப் பார்த்து, "சார், நீங்கதான் கடைசி வரைக்கும் கூட இருந்தீங்க. அவருக்கு விசுவாசம் இருந்துச்சா? அடக்க ஆராதனையில நான் என்ன சொல்றது?" என்று கேட்டார். நியாயமான கேள்விதான்.

ஆம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் விஷயம் முடிந்திருக்கும். எல்லாரும் அதைத்தான் எதிர்பார்த்தார்கள், ஐசக் உட்பட. ஆனால் பொய் சொல்ல மனம் வரவில்லை என்று பீடத்திலிருந்து இறங்கிய ஒருவருக்காக நான் எப்படிப் பொய் சொல்வது?

"எனக்குத் தெரியாது ஐயா" என்றேன். "அவருக்கே தெரியாது. அந்தக் கடிதத்த எழுதுனது நான். அதுல கிருபைன்னு ஒன்பது எடத்துல எழுதியிருக்கேன். அது நெசமா இருந்தா, இந்த மனுஷன்கிட்ட வந்து சர்டிபிகேட் கேட்டுக்கிட்டு நிக்காது. கேக்கும்னா, எனக்கும் அந்தத் தோட்டத்துல எடம் வேண்டாம். எஸ்தருக்குப் பக்கத்துல எனக்குன்னு விட்டிருக்கிற எடத்துல அவரை வைங்க."

ஐசக் கோப்பை மூடினார். "ஒங்க எடம் ஒங்களுக்கே இருக்கட்டும் சார். கெழக்குப் பக்கம் எடம் இருக்கு. நான் ஆளுங்ககிட்ட குழி வெட்டச் சொல்றேன்" என்றார். அந்தக் கடிதத்தில் இரண்டாவது கையெழுத்து அவருடையது.

அடக்கத்துக்குப் பெரிய கூட்டம் இல்லை. அதைப் பார்த்துச் சிலர் வருத்தப்பட்டார்கள். ஆனால் யோசித்துப் பாருங்கள், அவர் யாருக்கெல்லாம் செய்தாரோ அவர்களால் எழுந்து வர முடியாது. அவர்கள் வீட்டு ஆட்களும் படுக்கையில் இருப்பவரைத் தனியே விட்டுவிட்டு வர முடியாது. காதர் பாயும் அவர் தம்பிகளும் பெட்டியைத் தோளில் தாங்கி வந்தார்கள். ரெட்டியார்சத்திரத்திலிருந்து வந்த ஒரு பெண் ஒரு பிடி மண்ணைப் போட்டுவிட்டு, "மாமியாரு தனியாக் கெடக்காங்க, வாரேன்" என்று சொல்லி அடுத்த பஸ்ஸுக்கு ஓடினார். சின்ன ஆயர் சுருக்கமாகப் பேசினார். "இவரைப் பற்றி நாங்கள் தீர்ப்புச் சொல்ல வரவில்லை, ஒப்புக்கொடுக்க வந்திருக்கிறோம்" என்றார். அது போதுமானதாக இருந்தது. சாந்தி அழவில்லை. மண் மூடியதும் செருப்பைத் தேடி மாட்டிக்கொண்டார். மறுவாரம் வேலைக்குப் போய்விட்டார்.

அவர் போய்க்கொண்டிருந்த வீடுகளில் சிலவற்றைச் சாந்தி ஏற்றுக்கொண்டார். ஒன்றை மட்டும் என்னால் முடியும் என்று சொன்னேன். சின்னாளபட்டியில் சுப்பையா. சுங்குடிச் சேலைக்குச் சாயம் போடும் பட்டறையில் மாடியிலிருந்து விழுந்து கழுத்துக்குக் கீழே செயலற்றுப் போனவர். நாற்பது வயதுதான். செவ்வாயும் சனியும் போகிறேன். பஸ்ஸில் இடம் கிடைக்காத நாளில் முழங்கால் நடுங்குகிறது. வாசலுக்கு வந்ததும் திரும்பிப் போய்விடலாமா என்று ஒவ்வொரு முறையும் தோன்றுகிறது. இதை விசுவாசத்தால் செய்கிறேனா, குற்ற உணர்ச்சியால் செய்கிறேனா என்று கேட்டுப் பார்த்தேன். பதில் வருவதற்குள் சுப்பையாவைப் புரட்டும் நேரம் வந்துவிடுகிறது.

சென்ற சனிக்கிழமை வேலை முடிந்ததும் சுப்பையா சொன்னார். "ஐயா எங்கிட்ட சாமியப் பத்திப் பேசுனதே இல்ல சார். எல்லாம் முடிஞ்சதும் இந்தா, இந்த ஸ்டூல்ல கண்ண மூடிக்கிட்டு செத்த நேரம் ஒக்காந்திருப்பாரு. பத்து நிமிசம் இருக்கும். நானும் சத்தம் போடாம கெடப்பேன்."

"கும்புட்டாரா?" என்று கேட்டேன்.

"தெரியல சார். தூங்குறாருன்னுதான் நெனச்சேன். பாவம், அலுத்துப் போயி வர்ற மனுசன். நான் எழுப்புனதில்ல."

அவரிடமிருந்து நான் வைத்துக்கொண்டிருப்பது அந்தப் பத்து நிமிடங்களைத்தான். கையைக் கழுவிவிட்டு நானும் அந்த ஸ்டூலில் உட்கார்ந்து கண்ணை மூடுகிறேன். வாயில் ஒரு வார்த்தையும் வருவதில்லை. பல நாள் தூங்கிவிடுகிறேன். சுப்பையா என்னையும் எழுப்புவதில்லை.